தண்ணீர் வற்றும் நாட்கள்

2024 ஜூலை 21, ஞாயிறு

வீடு வந்து சேர இரவு பதினொன்றரை ஆகிவிட்டது. மூன்று முறை சோப்பு போட்டும் கையில் நண்டு வாடை போகவில்லை.

பாசிர் பெனாம்பாங்கில் ஆற்றோரக் கடல் உணவுக் கடை ஒன்றில் சனி, ஞாயிறு சாயங்காலம் மேசை பார்க்கிறேன். கோலசிலாங்கூருக்கு எதிர்க்கரையில் இருக்கிற மீன்பிடிக் கிராமம் அது. அப்பாவின் சின்ன வயதில் எங்கள் தோட்டத்து ஆட்கள் அந்தப் பக்கம் போவதே கருவாடு வாங்கத்தானாம். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்க் கார்கள் சுலபமாக வந்துவிடுகின்றன. வலை காயும் இடத்துக்குப் பக்கத்திலேயே இப்போது ஐஸ் போட்ட லாத்தே கிடைக்கிறது. கருவாட்டு வாடையும் காப்பி வாடையும் கலந்து வரும். அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

இன்று உட்கார நேரமில்லாத கூட்டம். ஏன் என்று தவுக்கேயை, அதாவது எங்கள் சீன முதலாளியை, கேட்டேன். "நேத்து சப் கோ" என்றார், அது தெரியாதா என்கிற மாதிரி. சப் கோ என்றால் சீனர் கணக்கில் பதினைந்தாம் நாள். முழு நிலவை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும். வற்றினால்தான் கடல் நடுவில் கண்ணாடி மாதிரி வானத்தைக் காட்டுகிற 'ஸ்கை மிரர்' மணல்திட்டு வெளியே வரும். திட்டைப் பார்க்கப் போனவர்கள் பசியோடு திரும்பி எங்கள் கடையில் வந்து விழுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் நாள்காட்டியைப் பார்த்தேன். இன்றைய கட்டத்தில் வெள்ளை வட்டம், பௌர்ணமி. அடுத்த கறுப்பு வட்டம் ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை. இத்தனை வருடமாக வாழை இலை எப்போது வாங்க வேண்டும் என்று சொல்கிற தாள் அது என்றுதான் நினைத்திருந்தேன்.

2024 ஜூலை 23, செவ்வாய்

எங்கள் ஊரின் பெயர் 2007-லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பாட்டிக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் பிள்ளைகளுக்கோ இரண்டு பெயரும் ஒன்றுதான்: "இங்க ஒன்னுமே இல்ல லா." மாமாக் கடை, பூட்சால், வாரம் ஒரு பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. அதோடு பொழுதுபோக்கு முடிந்தது.

வரும் சனிக்கிழமை ஸ்கை மிரர் போகலாம் என்று விடுதித் தோழி ஈப்போக்காரி கிளம்பிவிட்டாள். கைப்பேசியில் வானிலை பார்த்தாளாம், வெயில் என்று போட்டிருக்கிறதாம். அன்று பாதி நிலா, தண்ணீர் வற்றாது என்றேன். சிரித்தாள். படகுக்காரருக்குப் போன் போட்டோம். "சனிக்கிழமையா? ஆயர் மாத்தி" என்று சொல்லி வைத்துவிட்டார். செத்த தண்ணீர். ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. திட்டு தலை காட்டாது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டி சானாய்க்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

2024 ஜூலை 27, சனி

கடல் இல்லையென்றால் மலை. காலையில் நான்கு பேர், இரண்டு மோட்டார், புக்கிட் மெலாவாத்தி. மலை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடலாம். வார இறுதியில் டிராம் ஓடுகிறது. நாங்கள் நடந்தோம், மிச்சமான காசில் செண்டோல்.

மேலே பீரங்கிகள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. டச்சுக்காரர்கள் 1784-இல் இந்தக் கோட்டையைப் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஆள் போனாலும் பெயர் போகவில்லை: 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்றும் ஆல்டிங்ஸ்பர்க்தான்.

ஆனால் எங்கள் கூட்டத்துக்குச் சரித்திரமா முக்கியம்? குரங்குதான். சாம்பல் நிற லோத்தோங் குரங்குகள் பரம சாது. பயற்றங்காயை நீட்டினால் நம் விரலைப் பிடித்துக்கொண்டு வாங்கும். குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில், வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும். இன்னொரு சாதி இருக்கிறது, அதன் பெயர் திருடன். கிளந்தான் பையனின் நாசி லெமாக் பொட்டலத்தை அது கொண்டுபோய்விட்டது. சம்பல் காரம் தாங்காமல் அது முகத்தைத் துடைத்த துடைப்புக்கே இவ்வளவு தூரம் வந்தது தகும்.

நோன்பு மாதத்துக்கும் பெருநாளுக்கும் பிறை பார்க்கும் அதிகாரப்பூர்வ இடங்களில் இந்த மலையும் ஒன்று என்று அந்தப் பையன்தான் சொன்னான். தவுக்கே, பாட்டி, இப்போது இவர்கள். ஆளாளுக்கு நிலாவைப் பிடித்துத் தொங்குகிறார்கள். நாங்கள் மட்டும்தான் வானிலை ஆப்பை நம்பியிருக்கிறோம்.

நான்கு மணிக்கு வேலை.

2024 ஜூலை 31, புதன்

அசைன்மென்ட். மழை. மின்சாரம் இரண்டு தடவை போனது. எழுத ஒன்றுமில்லை.

2024 ஆகஸ்ட் 3, சனி

இன்றைக்கும் நாளைக்கும் லீவு கேட்டேன். தவுக்கே முகம் கோணியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஏழாம் மாசம் பிறக்குது, பேய் மாசம். தண்ணிப் பக்கம் போகாதே" என்றார். நாளை நாங்கள் தாத்தாவுக்காகத் தண்ணீர்ப் பக்கம்தான் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? தலையாட்டி வைத்தேன்.

இரவு கம்போங் குவாந்தான். வீட்டிலிருந்து கோலசிலாங்கூர் போகிற வழியிலேயே இருக்கிறது, ஆனாலும் நான் கடைசியாகப் போனது ஆரம்பப்பள்ளியில். மின்மினிக்கும் அமாவாசைதான் தோது. இருட்டு எவ்வளவோ அவ்வளவு நல்லது. துடுப்புப் படகில் நான்கு பேர். மோட்டார் கிடையாது, ஃபிளாஷ் கூடாது. படகோட்டும் பாச்சிக் (மலாய்ப் பெரியவர்) பேசாமல் வலித்தார்.

சிலாங்கூர் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்கள். இலைக்கு இலை பூச்சி. ஆண் பூச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில், ஒரு நொடிக்குள் இரண்டு மூன்று தடவை மின்னுகின்றன. "கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி" என்றாள் ஈப்போக்காரி. அவளைத் தண்ணீரில் தள்ளலாம் என்று இருந்தது. ஆனால் மரம் முழுக்க அந்த டியூப்லைட் விட்டு விட்டு எரிந்தபோது அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

முன்பு இன்னும் நிறைய இருந்ததாம். பாச்சிக் சொன்ன காரணம் என்னைச் சுருக்கென்று தைத்தது. மின்மினி மின்னுவது பெரெம்பாங்கில். புழுவாக வளர்வதோ கரையை அடுத்த ஈர மண்ணில், நத்தை தின்று. கரைவரைக்கும் வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டால் அந்த மண் காய்ந்துவிடும். இந்த நாட்டில் வணிகத்துக்கென்று முதன்முதலில் செம்பனை நட்ட இடம் எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டம், 1917-இல். பெயரில் தென்னை, நட்டதோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். பாட்டி பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் பால் எடுத்தார். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டித்தான் என்னைப் படிக்க வைக்கிறார். படகில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய?

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரை. தண்ணீர் கடைசிப் படிவரை ஏறி நின்றது. அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டார். பாட்டி தள்ளி நின்று தாத்தாவிடம் ஏதோ முணுமுணுத்தார். பேச்சு கொஞ்சம் திட்டு மாதிரி இருந்தது. இன்னும் நான்கைந்து குடும்பங்கள் வந்திருந்தன. எதிர்க்கரையில் சீனர்கள் ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்கு எனக்கும் கூட்டாளிகளுக்கும் படகு. பாட்டியை அப்பா காரில் ஏற்றப் போனபோது, "எனக்கும் ஒரு டிக்கெட் எடு" என்றார் பாட்டி. அப்பா என்னைப் பார்த்தார், நான் பாட்டியைப் பார்த்தேன். சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட் போட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிற கடலில் எழுபத்து நான்கு வயதில் முதல் படகு.

காலையில் படியைத் தொட்ட தண்ணீர் மதியத்துக்குள் சுமார் நாலு மீட்டர் இறங்கிவிடுகிறது. சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே கோட்டில் நிற்கிற நாள். நடுக்கடலில் படகு நின்றது. இறங்கினால் கணுக்கால் தண்ணீர். கீழேயும் மேகம். கேமராக்காரர் எல்லாரையும் குதிக்கச் சொன்னார், கையால் இதயம் செய்யச் சொன்னார். எல்லாரும் செய்தோம்.

பாட்டி குனிந்து பார்த்தார். "இவ்ளோ காசு குடுத்து நம்ம மூஞ்சிய நாமளே பாக்கவா வந்தோம்?"

அப்புறம் கால் விரலால் மணலைக் கிளற ஆரம்பித்தார். மட்டி! ஒன்று, இரண்டு, பத்து. பூஜைக்குப் பூ கொண்டுவந்த பிளாஸ்டிக் பை பாதி நிறைந்தது. ஈப்போக்காரியும் பையனும் கேமராவை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே தவழ்ந்தார்கள்.

"பாட்டி, இன்னைக்கு அமாவாசை. விரதம்."

நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "இன்னைக்கு யாரு திங்கப் போறா? மட்டி ஒரு ராத்திரி தண்ணியில கெடந்தாத்தான் மண்ணு கக்கும்."

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. படகுக்காரர் விசில் அடித்தார்.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

இரவெல்லாம் குளியலறை வாளியில் மட்டி டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.

வகுப்பு முடிந்து வந்தபோது புளியும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கியிருந்தார். கொஞ்சம் மண் நறநறத்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. விடுதிக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருந்தார். தவுக்கேவுக்கும் கொண்டுபோகலாமா என்றேன். பேய் மாதத்தில் கடலில் பொறுக்கியது என்று தெரிந்தால் தொட மாட்டார் என்று அப்பா சிரித்தார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பாட்டி நாள்காட்டித் தாளைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை வட்டத்தில் விரல் வைத்து, "பத்தொம்பது திங்கக்கெழம. ஒனக்கு அன்னைக்குக் கிளாஸ் இருக்கா?"