கண் போன வழியில் கழுத்து

கழுத்துவலி என்று வாயெடுத்தால் போதும், "என்ன நாற்காலி வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என்னிடம் இருந்தது நல்ல நாற்காலி. வலைத்துணி முதுகு, ஏற்றி இறக்கும் கைப்பிடி, சாய்மானத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் திருகு, எல்லாம் உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டேதான் எனக்குக் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டன. நான் மீண்ட கதையில் நாற்காலிக்குக் கடைசி இடம், முதலிடம் மூக்குக்கண்ணாடிக்கு.

நான் கணக்கு எழுதுபவன். இடப்பக்கம் மேசைமேல் வவுச்சர் கட்டு, எதிரே மானிட்டர், வலக்கை எண் விசைகளின் மேல். பொழுது விடிந்து பொழுது போனால் இதே கோலம்தான். வலி முதலில் மாலை நேரங்களில் மட்டும் எட்டிப்பார்த்தது. பிறகு மதியமே வரத் தொடங்கியது. கடைசியில் காலையில் எழும்போதே தலையைத் திருப்ப முடியாமல், பின்னால் யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் சேர்த்துத் திருப்ப வேண்டிய நிலை. அதோடு இடுப்புக்கு மேலே மந்தமான ஒரு வலி, அதற்கென்று தனிக்கணக்கு.

மருத்துவர் நிதானமாகப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்திப் பலம் சோதித்தார். முழங்கை மடிப்பில் சிறு சுத்தியலால் தட்டினார். பஞ்சால் விரல் நுனிகளைத் தொட்டு, "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிகிறதா?" என்றார். அதன்பிறகு கேள்விகள். வலி கைக்குள் இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா, கையில் பிடித்த பொருள் நழுவுகிறதா, நடை தடுமாறுகிறதா, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா, தூங்கும்போதும் வலி எழுப்பிவிடுகிறதா? எல்லாவற்றுக்கும் என் பதில் 'இல்லை'. இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்று சொல்லவேண்டி இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். மேசையையும் மவுஸையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிடலாமே என்று நானே கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் தொகுத்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு வட்டுகளில் (எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள்) தேய்மானம் தெரிந்திருக்கிறது. 80 வயதில் அது 96 சதவீதம். அதாவது, தலையில் நரை தேடுவதுபோல் தேடினால் தேய்மானம் கிடைக்கத்தான் செய்யும். வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. கழுத்துப்பட்டையும் தரவில்லை, படுத்தே கிடக்கவும் சொல்லவில்லை. வழக்கமான நடமாட்டத்தை விடாதீர்கள் என்று சொல்லி, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாள் என் கழுத்தைத் தொடுவதற்கு முன்பு ஒரு வேலை கொடுத்தார். "வேலை செய்யும்போது பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள் சார். நீங்கள் மறந்துபோன பிறகு எடுக்கட்டும்" என்றார். எடுத்துக்கொண்டு போனேன். ஓடவிட்டு நிறுத்தினார், மறுபடி ஓடவிட்டு நிறுத்தினார். "தாடையை மட்டும் பாருங்கள்" என்றார். திரையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் என் தாடை ஒரு விரற்கடை மேலே எழும்பியது. வவுச்சரைப் பார்க்கும்போது இடப்பக்கம் திரும்பிக் குனிந்தது. திரும்ப எழும்பியது. சில நிமிடங்களுக்குள் இது எத்தனை முறை நடக்கிறது என்பதைப் பார்த்தபோது, வலி ஏன் வந்தது என்பதைவிட இத்தனை நாள் ஏன் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

தாடை எழும்பியதற்குக் காரணம் கண்ணாடி. வெள்ளெழுத்து வந்தபிறகு நான் அணிவது புரோகிரஸிவ் லென்ஸ். அதன் மேல்பகுதியில் தூரப்பார்வை, அடியில் படிக்கும் பார்வை, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய ஒரு பாதையில் இடைத்தூரம். மானிட்டர் இருப்பது அந்த இடைத்தூரத்தில். தலையை நேராக வைத்துப் பார்த்தால் எண்கள் மங்கல். தாடையைச் சற்றே தூக்கினால் பளிச்சென்று தெரியும். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரிந்தாக வேண்டிய தொழிலில் எதைத் தேர்ந்தெடுப்போம்? கண்ணுக்குத் தெளிவு கிடைக்கும் இடத்துக்குக் கழுத்து தானாகப் போய்விடுகிறது, நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. அங்கேயே நாள் முழுவதும் நிற்பதால், மண்டையோட்டுக்குக் கீழே பிடரியில் இருக்கும் சிறு தசைகள் சுருங்கியபடியே கிடக்கின்றன.

மானிட்டரின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் விதி. நல்ல விதிதான். ஆனால் தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்ந்த பைஃபோகல் கண்ணாடியோ புரோகிரஸிவோ அணிபவர்கள் அதைவிடத் தாழ்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அடுத்த வரியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். என் மானிட்டர் விதிப்படி ஒரு பெட்டியின்மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. பெட்டியை எடுத்தோம். திரையின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தோம். அன்று மாலையே பிடரி இறுக்கம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்காகத் திரைக்கென்று தனிக் கண்ணாடி செய்துகொண்டேன். நாடாவால் கண்ணிலிருந்து திரைவரை அளந்து, அந்த அளவைக் கண் பரிசோதகரிடம் சொன்னால் போதும். அந்தத் தூரத்துக்கு மட்டுமான லென்ஸ் எழுதித் தருவார். எனக்கு அது 65 சென்டிமீட்டர். பொதுவாக 50இலிருந்து 100 சென்டிமீட்டருக்குள் திரை இருக்கலாம் என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தால் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கும், ஆகவே கழற்றிவைத்துவிட்டு எழ வேண்டும். அது ஒரு தொல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். திரை எழுத்தையும் 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டேன். பெரிய எழுத்து வைத்துக்கொள்வது வயதானதன் அடையாளம் என்று கூச்சப்படும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் திரையை மோந்துபார்க்கும் தூரத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வவுச்சர் பக்கம் குனிவதற்கு வருகிறேன். மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. குனியக் குனிய அந்த எடை கழுத்தைவிட்டு முன்னால் போவதால், அதை இழுத்துப்பிடிக்கும் தசைகளுக்கு வேலை கூடுகிறது. 60 பாகை குனிந்தால் கழுத்தின்மேல் ஏறும் பளு 27 கிலோ அளவுக்கு வரும் என்று கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஆளை வைத்து அளந்ததில்லை, கணினி மாதிரியில் போட்ட கணக்கு. அந்த எண்ணைக் காட்டி மிரட்டுபவர்களை நான் பொருட்படுத்துவதில்லை. கழுத்து குனிவதற்காகவே படைக்கப்பட்டது. ஒரே பக்கமாக மணிக்கணக்கில் குனிந்திருப்பதற்கு அல்ல. தாள்களை நிறுத்திவைக்கும் ஒரு சாய்வுப் பலகை வாங்கித் திரைக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் வைத்தேன். தூரமும் ஒன்றுதான் என்பதால் அதே கண்ணாடி தாளுக்கும் போதுமாக இருந்தது.

கண்ணுக்கு அடுத்து கை. என் தோள்பட்டை வலி ஏன் வலப்பக்கமே இருந்தது என்பதற்கு விடை விசைப்பலகையின் அகலத்தில் கிடைத்தது. எண் விசைகள் சேர்ந்த முழு விசைப்பலகை சுமார் 45 சென்டிமீட்டர். எழுத்து விசைகளின் நடுப்பகுதி நம் தொப்புளுக்கு நேராக இருந்தால், எண் பகுதி வலப்பக்கம் போய்விடும். மவுஸ் அதற்கும் அப்பால். கையை எட்டி நீட்டித்தான் மவுஸைப் பிடிக்க முடியும். தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை விரித்துப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மவுஸின் எடை ஒன்றுமில்லை, சரி. கையின் எடை இருக்கிறதே, அதைக் கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசைதான் நாள் முழுக்கத் தாங்குகிறது.

கணக்கு எழுதுபவனிடம் எண் விசைகளை விட்டுவிடு என்று சொல்ல முடியாது. எண் பகுதி இல்லாத சிறிய விசைப்பலகை ஒன்றும், தனி எண் விசைப்பலகை ஒன்றும் வாங்கினேன். எண்கள் வலக்கைக்கு, மவுஸ் இடக்கைக்கு. இடக்கையில் மவுஸ் பிடித்த முதல் வாரங்கள் பொறுமையைச் சோதித்தன. ஒரு கட்டத்தைக் குறிவைத்தால் அம்பு அடுத்த கட்டத்தில் போய் நிற்கும். அவசர வேலை வந்தால் பழையபடி வலக்கைக்கே மாற்றிக்கொள்வேன். எப்போது பழகியது என்று தெரியாமலே பழகிவிட்டது. இப்போது வலத்தோள் அமைதி.

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்யும் வழக்கத்தையும் அந்த அம்மாள் அதே மூச்சில் நிறுத்தச் சொன்னார். காதில் மாட்டும் கருவி வந்தது. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இனி அந்த நாற்காலி. அதில் ஒரே ஒரு கோளாறுதான் பெரியது: கைப்பிடி. உயரமாக இருந்ததால் அது மேசை விளிம்பில் இடித்து நின்றது. நாற்காலி மேசைக்குள் போகாது. ஆகவே நான் முன்னால் சரிந்து, இருக்கையின் நுனியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அத்தனை வசதியுள்ள முதுகுச் சாய்மானத்தை என் முதுகு தொட்டதே இல்லை என்பது வீடியோவில்தான் தெரிந்தது. கைப்பிடியை மேசைக்குக் கீழே நுழையும் அளவுக்கு இறக்கினோம். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்தினோம். அதில் கால் தரையில் சரியாகப் படியவில்லை, அதனால் ஒரு கால்மணை. முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். இடுப்பு வளைவில் ஒரு சுருட்டிய துண்டு. அவ்வளவுதான்.

நிமிர்ந்து 90 பாகையில் உட்கார வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பாடத்தை அந்த அம்மாள் சிரித்து ஒதுக்கினார். 1960களிலிருந்து ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் என்ற மருத்துவர் உயிருள்ள மனிதர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் அதிகம் என்று அவருடைய அளவுகள் காட்டின. 1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒருவரின் வட்டில் உணர்கருவியைப் பொருத்தி மறுபடி அளந்தபோது, நிற்பதற்கும் நேராக உட்கார்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னால் சாய்ந்து தளர்வாக உட்கார்ந்தபோது அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆகவே சாயலாம். நான் 100, 110 பாகையில் சாய்ந்துதான் வேலை செய்கிறேன், அதுவும் அலுத்தால் கொஞ்ச நேரம் நிமிர்கிறேன். வளர்ந்தவர்களின் வட்டுகளுக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட இல்லை. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அவற்றுக்கு ஊட்டம் நன்றாகப் போய்ச் சேரும். எவ்வளவு அழகான தோரணையாக இருந்தாலும் அதிலேயே உறைந்துபோனால் அது கெட்ட தோரணைதான்.

இடைவெளி விட்டு எழுவதற்கு அலாரம் வைத்துப் பார்த்தேன். கை தானாகப் போய் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தது. அலாரத்துக்குப் பதிலாக வேலையையே கட்டளையாக்கிக்கொண்டேன். ஒரு கட்டு வவுச்சர் முடிந்தால் அதைக் கொண்டுபோய் எதிர் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டு. முன்பு காலடியிலேயே அடுக்கிக்கொள்வேன். பேச்சு அழைப்பு வந்தால் நின்றபடிதான் பேச்சு. இதற்கு மன உறுதி எதுவும் தேவைப்படுவதில்லை, அதுதான் இதன் அழகு.

இவ்வளவும் வலியை இறக்கியது. திரும்ப வராமல் வைத்திருப்பது உடற்பயிற்சி என்றே நினைக்கிறேன். கழுத்தைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்க்கும் நீட்டல் பயிற்சிகள் செய்த கணத்தில் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் பழைய இறுக்கம் வந்து உட்காரும். வலுப்படுத்தும் பயிற்சி நேர்மாறு, முதலில் சுகமே இல்லை. எனக்குத் தந்தவை இரண்டே. ஒன்று, சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி நின்று, தலையைக் குனியாமல் தாடையை நேர் பின்னால் இழுத்து, மெதுவாக ஐந்து எண்ணி விடுவது. கண்ணாடியில் பார்த்தால் இரட்டைத் தாடையோடு அசடு வழியும். தனியாகச் செய்வது நல்லது. மற்றது ரப்பர் பட்டை. நடுவில் மிதித்துக்கொண்டு, இரு முனைகளையும் பிடித்து, முழங்கையைச் சற்றே மடக்கியபடி கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கி இறக்குவது. டென்மார்க்கில் அலுவலக ஊழியர்கள் 198 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பட்டைப் பயிற்சியை நாளொன்றுக்கு 2 நிமிடம், வாரம் 5 நாள், 10 வாரம் செய்தவர்களுக்கே கழுத்து, தோள் வலி குறைந்தது. 12 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது. 2 நிமிடம் என்று கேட்டபிறகு நேரமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொள்ளட்டுமா என்றும் கேட்டிருந்தேன். 30,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற சோதனைகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வு, முதுகுவலி வராமல் தடுப்பதில் இடுப்புப்பட்டைக்கும் செருப்புக்குள் வைக்கும் மெத்தைக்கும் பலன் தெரியவில்லை, உடற்பயிற்சிக்குத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறது. பட்டை வாங்கவில்லை. நடக்கிறேன்.

ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்தில் இன்னமும் பிடிக்கிறது. ஆனால் முன்புபோல் பயம் இல்லை. வெந்நீர் ஒத்தடம், பட்டைப் பயிற்சியில் ஒரு படி குறைவு, ஓரிரு நாளில் தளர்ந்துவிடும். தீராத சிக்கல் மடிக்கணினிதான். திரையும் விசையும் ஒட்டிப் பிறந்ததால், திரையை உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும், விசையைத் தாழ்த்தினால் கழுத்து குனியும். வெளியே போகும்போது சிறிய விசைப்பலகையையும் மவுஸையும் பையில் போட்டுக்கொள்கிறேன். அங்கே கிடைக்கும் தடித்த கோப்புகள்மேல் மடிக்கணினியை ஏற்றிவிடுகிறேன். அதுவும் கிடைக்காத இடத்தில் அவசியமானதை மட்டும் பார்த்துவிட்டு, மற்றதை மேசைக்குத் திரும்பும்வரை தள்ளிப்போடுகிறேன்.