மாக்கல்லில் பெயெர்செபா பலிபீடம்: நான்காம் வாரம்

மாக்கல்லில் சிறு மாதிரியாகக் கட்டி முடித்த பலிபீடத்தை நேற்று பிரித்துவிட்டேன். பிரித்துப் பார்க்கத்தான் அதைச் செய்யவே தொடங்கினேன்.

யூதாவின் ராஜா எசேக்கியா வழிபாட்டு மேடைகளை அகற்றி, சிலைகளைத் தகர்த்து, மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்ததை வேதாகமத்தின் 2 இராஜாக்கள் 18இல் படிக்கும்போதெல்லாம், சம்மட்டியும் தூளாகப் பறக்கும் கல்லும்தான் என் கண்முன் வரும். 1973இல் இஸ்ரேலின் தெற்கே உள்ள பெயெர்செபா என்ற பழைய ஊரின் மேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் யோகனான் அகரோனியின் குழு கண்டதோ வேறு. பலிபீடக் கற்கள் ஒரு பண்டகசாலைச் சுவருக்குள் கல்லோடு கல்லாக அடுக்கப்பட்டிருந்தன. எசேக்கியாவின் சீர்திருத்தத்தில் பிரிக்கப்பட்ட பீடம் இது என்றார் அகரோனி. மறுத்தவர்களும் உண்டு, எனக்கு அவர் சொன்னதே சரியென்று படுகிறது.

மீண்டும் அடுக்கிய பீடத்தின் உயரம் சுமார் 1.6 மீட்டர். நான் பத்தில் ஒரு பங்காக, 16 சென்டிமீட்டரில் செய்தேன். மாக்கல்லை இரும்பு ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தேன். பீடத்தின் நான்கு மேல்மூலைகளிலும் நீட்டிக்கொண்டு நிற்கும் கொம்புகள்தான் படுத்தி எடுத்தன. முதலில் தனியாகச் செதுக்கி ஒட்டிய இரண்டும் கை பட்டதும் உதிர்ந்தன. பிறகு மூலைக்கல்லையும் கொம்பையும் ஒரே கல்லில் எடுத்தேன்; அசலிலும் அப்படித்தான். ஒரு கல்லில் நெளியும் பாம்பு உண்டு. அதைக் கோணூசியால் கீறும்போது அந்த வெண்கலச் சர்ப்பத்தின் நினைவு வராமல் இல்லை.

வெட்டின கற்களால் பலிபீடம் கட்டாதே என்கிறது யாத்திராகமம். இதுவோ நேர்த்தியாக வெட்டிய கற்களால் ஆனது. கட்டியவர்களுக்கு அந்தக் கட்டளை தெரியாதா, அல்லது தெரிந்தும் செய்தார்களா என்று ஒரு மாலை முழுதும் யோசித்துக்கொண்டே ராவினேன்.

நேற்று சுவர் வேலை. களிமண்ணைக் குழைத்து, பீடக் கற்களைச் சாதாரணக் கற்களுக்கு இடையே வைத்தேன். சதுரக் கற்கள் சொன்னபடி உட்கார்ந்தன. கொம்புள்ளவை உட்காரவே இல்லை. மேல்வரிசை சாய்ந்துகொண்டே இருந்தது. கொம்பைத் தட்டிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அகரோனி குழுவுக்குக் கிடைத்த நான்கு கொம்புகளில் ஒன்றின் முனைதான் தட்டப்பட்டிருந்தது. மூன்று முழுசாக இருந்தன. வேதாகமத்தில், உயிருக்குப் பயந்து தாவீதின் மகன் அதோனியாவும் படைத்தலைவன் யோவாபும் அடைக்கலம் தேடி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டது பலிபீடத்தின் கொம்புகளைத்தான். ராஜா பிரிக்கச் சொன்னார், கொத்தனார் பிரித்தார். ஆனாலும் கொம்பின்மேல் உளி வைக்க அவருக்குக் கை வரவில்லை என்றே நான் நம்புகிறேன்.

நான்காவது கொம்பின் முனையை இன்று காலை தட்டினேன். மாக்கல் மெதுவானது, ஒரே அடியில் போய்விட்டது. அந்தத் துண்டை எறியாமல் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். களிமண் காய இரண்டு நாளாகும். அதன்பிறகு மூன்றாம் வரிசை.