நான் விட்டுவிட்ட வரிகள்

திருகோணமலையில் ஒரு தபாற் கந்தோரின் கவுண்டரில் பல வருஷம் இருந்தவன் நான். முத்திரை விற்பது, பதிவுத் தபால் எடுப்பது தவிர, எழுதத் தெரியாத தாய்மாருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் தானாக என் வேலையில் சேர்ந்துகொண்டது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தார்கள், அதற்கு முன் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் தண்ணீரைக் கடக்கவேண்டும். அப்படி மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரும் ஒரு உம்மா, அப்படியே என்னிடமும் வருவார். மகன் கட்டாரில்.

எயர் மெயில் என்று நாங்கள் சொல்கிற அந்த நீலத் தாளை நீட்டி, "எழுதுங்க தம்பி" என்று தொடங்குவார். செவலை கண்டு போட்டிருக்கு, கிணத்தடி முருங்கை காத்துக்கு முறிஞ்சு போச்சு... தாளோ ஒன்றுதான், மடித்து ஒட்டும் இடம் போக எழுத மிஞ்சுவது கொஞ்சம், உள்ளே வேறு துண்டுக் கடதாசி வைக்கவும் கூடாது, பின்னால் வரிசை வேறு நிற்கும். அதனால் மாட்டையும் முருங்கையையும் விட்டுவிட்டு, 'இங்கு யாவரும் நலம், உன் நலமறிய ஆவல், உடம்பைக் கவனித்துக்கொள், தொழுகையை விடாதே' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டிக் கொடுப்பேன். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மகனின் பதிலைக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். "உம்மா, எழுதுறவர் நல்லா எழுதுறார். ஆனா அதில நீங்க இல்ல. நம்மட செவலை கண்டு போட்டுதா இல்லையா எண்டு கூட எழுதல்லயே." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் திட்டவில்லை. "அதையும் எழுதினீங்கதானே தம்பி?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொன்னேன். அன்றைக்கு அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், பொடி எழுத்தில், ஓரமெல்லாம் நிரப்பி.

அதெல்லாம் நடந்து எவ்வளவோ காலம். என் மகள் பேராதனைக்குப் படிக்கப் போனாள். இரவில் போன் எடுத்தால் சாப்பிட்டியா, படிச்சியா, சரி வைக்கிறேன், ரெண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கம் முழுக்கப் புத்திமதி. வாசித்துப் பார்த்தால் அதே பழைய 'யாவரும் நலம்'. கிழித்துப் போட்டேன்.

பிறகு இப்படித் தொடங்கினேன்: கேற்றைப் பூட்ட மறந்துவிட்டேன் பிள்ளை, மான் உள்ளே வந்து உன் செவ்வரத்தையை மொட்டையாக்கிவிட்டது. அதற்குமேல் பேனை தானாக ஓடியது. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிவு வந்த நாளையும் எழுதினேன். வெட்டுப்புள்ளிக்கு மூன்று குறைவு. உன்னைச் சைக்கிளில் ஏற்றி உட்துறைமுக வீதியால் வீட்டுக்குக் கூட்டிவந்தேன், வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. நீ பின்னால் இருந்து என் சட்டையைப் பிடித்திருந்தாய், வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது.

சில நாள் கழித்து அவளே போன் எடுத்தாள். கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. அப்புறம், "அப்பா, செவ்வரத்தை துளிர்த்திட்டுதா?" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே டோர்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.