1.5 பனி, 0.4 காற்று

கோவையில் படித்தபோது, கட்டடம் தாங்க வேண்டிய சுமைகளைச் சொல்லும் இந்திய விதிநூலான ஐஎஸ் 875-இன் மூன்றாம் பகுதியை, அதாவது காற்றை, வரி விடாமல் படித்தோம். நான்காம் பகுதி பனி. "நமக்கெதுக்கு" என்று வாத்தியாரே புரட்டிவிட்டுப் போனார். டொராண்டோவுக்கு வந்து முதல் கிடங்குக் கூரையைக் கையில் எடுத்தால், முதல் எண்ணே பனிதான். தரையில் 0.9 கிலோபாஸ்கல், கூரைக்கு அதில் 80 சதவீதம், பனியோடு சேரும் மழைக்கு 0.4. ஆகமொத்தம் 1.12, சதுர மீட்டருக்கு 114 கிலோ.

பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் எண் பனிக்கு 1.5, காற்றுக்கு 1.4 என்று இரண்டையும் முழுசாகச் சேர்த்துப் போட்டேன். தட்டைக் கூரையைக் காற்று பெரும்பாலும் மேலேதான் இழுக்கும். அதனால் பனியிலிருந்து காற்று கழிந்து, கூரையைத் தாங்கும் எஃகுச் சட்டமான ஜாய்ஸ்ட் ஒல்லியாக வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மூத்த பொறியாளர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "பனி நிறைந்து கிடக்கிற அன்றைக்குக் காற்றே அடிக்கவில்லை என்றால்?"

கட்டமைப்புப் பொறியியல் ஆய்வாளர் கார்ல் டர்க்ஸ்ட்ரா 1970-லேயே சொன்ன விஷயம்தான். ஒரு சுமை உச்சத்தில் இருக்கும்போது மற்றது அன்றாட அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள். பனி வாரக்கணக்கில் கிடக்கும். பெருங்காற்று சில மணி நேரம். இரண்டின் உச்சமும் ஒன்றாக வருவது அபூர்வம். கனடாவின் கட்டட விதியில் 2005-லிருந்து இந்த முறைதான்: பனிக்கு 1.5 என்றால் காற்றுக்கு 0.4, காற்றுக்கு 1.4 என்றால் பனிக்குப் பாதி. இப்படிக் குறைத்துச் சேர்க்கிற துணைச் சுமை நமக்குச் சாதகமாக இருந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

காற்று மட்டும் அடிக்கும் நாளும் உண்டு. கூரையின் சொந்த எடை 0.7 கிலோபாஸ்கல், அதில் 0.9 மடங்குதான் எடுக்கலாம்: 0.63. ஓரத்தில் இழுப்பு 1.0 என்றால் 1.4 மடங்கு. மிச்சம் 0.77 மேல்நோக்கி. இழுவிசையில் இருக்க வேண்டிய ஜாய்ஸ்டின் கீழ்க்கம்பி அப்போது அமுக்கத்துக்கு மாறும். பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாவிட்டால் வளைந்துவிடும்.

இதையெல்லாம் விடக் காற்று செய்கிற பெரிய வேலை வேறு. 2022 ஜனவரி 17 புயலுக்கு இரண்டு நாள் கழித்து, உயரமான கட்டடத்தை ஒட்டிய ஒரு தாழ்ந்த கூரையில் ஏறினேன். வெளி ஓரத்தில் சரளைக்கல் தெரிந்தது. சுவரோரம் பனி என் இடுப்புக்கு மேல், டேப்பில் ஒரு மீட்டர். வாரிக் கொண்டுவந்து குவித்தது காற்று. விதி சொல்லும் அடர்த்தி இங்கே கன மீட்டருக்குச் சுமார் 2.6 கிலோநியூட்டன், அப்படியானால் அந்த மூலையில் மட்டும் 2.6 கிலோபாஸ்கல், 1.12-இன் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் குவியல் கணக்கில் பனிச் சுமையாகவே வரும், காற்று என்ற பெயரில் எங்கும் இருக்காது.

உரிமையாளர் அதே மூலையைக் காட்டி, கோடையில் அங்கே புது ஏசி யூனிட் வைக்கலாமா என்று கேட்டார். அதைச் சுற்றியும் பனி குவியும், மறுபடி கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சரி, குளிரில் மேற்கொண்டு பேச இருவருக்கும் தெம்பில்லை, ஏணியில் இறங்கிவிட்டோம்.