ஆபர்லைனுக்குக் கனவு வரும், எங்களுக்கு ஃபார்மலின் டப்பாதான் வரும்

கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் ஹிஸ்டோபெத்தாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷனில் வெட்டி எடுத்தது எதுவானாலும், சின்ன மச்சத்திலிருந்து முழுச் சிறுநீரகம் வரை, ஃபார்மலின் டப்பாவில் எங்களிடம்தான் வரும். அதை அறுத்து, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஸ்லைடாக்கி டாக்டர் மேசைக்கு அனுப்புவது எங்கள் பாடு. இந்த வட்டாரத்தில் வேலை என்றால் ஜாக் தி ரிப்பர் பேச்சிலிருந்து தப்பவே முடியாது, 1888ல் இங்கே பெண்களை வரிசையாகக் கொன்று உடம்பைக் கிழித்துப்போட்ட கொலைகாரனுக்கு ஊர் வைத்த பெயர். பொழுது சாய்ந்தால் வைட்சாப்பல் சந்துகளில் ஒரு வழிகாட்டி, அவர் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு கும்பல். அதனால் 'ஃப்ரம் ஹெல்' படத்தை எங்கள் லேபில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். நானும் பார்த்தேன், பிடித்துப்போய் மறுபடியும் பார்த்தேன், பார்க்கப் பார்க்க எரிச்சலும் கூடவே வளர்ந்தது.

2001ல் வந்த படம், ஹியூஸ் சகோதரர்கள் இயக்கியது. ஆலன் மூர் எழுதி எடி கேம்பெல் வரைந்த படக்கதைதான் மூலம். வைட்சாப்பலை பிராகுக்கு வெளியே செட் போட்டு எடுத்தார்களாம். ஈரக் கருங்கல் தரை, புகைக்கூண்டுகள், ரத்தச் சிவப்பில் வானம், எல்லாம் அசத்தல். ஜானி டெப்தான் இன்ஸ்பெக்டர் ஆபர்லைன். மனுஷன் அபின் புகைத்துவிட்டுச் சாய்ந்தால் போதும், அடுத்த கொலை கண்முன் வந்துவிடும். படக்கதையில் வரும் ஆபர்லைன் தொப்பையும் சலிப்புமாக இருக்கும் சாதாரண போலீஸ்காரர், அவருக்கு இந்தக் கனவெல்லாம் கிடையாது. ஹீரோ என்றாகிவிட்டால் ஞானதிருஷ்டியும் வேண்டும்போலிருக்கிறது.

என் எரிச்சல் கனவின் மேல்கூட இல்லை. அந்தக் கனவு எதையெல்லாம் மறைக்கிறது என்பதில்தான். 1888ல் நிஜமாகவே நடந்ததைப் படித்துப் பார்த்தால், அந்த வழக்கு கெட்டுப்போனதில் பாதி எங்கள் வேலை மாதிரியான, யாரும் படம் எடுக்காத வேலையில்தான் கெட்டுப்போயிருக்கிறது.

கொலையான மேரி ஆன் நிக்கல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 31 அதிகாலை, பக்ஸ் ரோ, இன்றைக்கு வைட்சாப்பல் ஸ்டேஷனுக்குப் பின்னால் டர்வர்ட் ஸ்ட்ரீட் என்ற பெயரில் இருக்கிற தெரு. டாக்டர் வந்தார், இருட்டில் கழுத்துக் காயத்தைப் பார்த்தார், இறந்துவிட்டாள் என்றார், பிணவறைக்கு அனுப்பச் சொன்னார். வயிறு கிழிக்கப்பட்டிருப்பதே பிணவறையில் ஓர் இன்ஸ்பெக்டர் உடுப்பைக் குறிப்பெடுக்கப் பாவாடையைத் தூக்கியபோதுதான் தெரிந்தது. அப்புறம் என்ன ஆனது? ஏழைகள் விடுதியில் இருந்த இரண்டு ஆண்கள் வந்து துணியை உருவிப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட்டார்கள். தொடாதே என்று சொன்னோம், இல்லை யாரும் சொல்லவில்லை என்று விசாரணையில் வாக்குவாதம். சரி, முதல் தடவை, போகட்டும் என்று விடலாமா என்றால், எட்டே நாளில் ஹன்பரி ஸ்ட்ரீட்டில் ஆனி சாப்மன் கொல்லப்பட்டாள், அந்த உடம்பையும் டாக்டர் வருவதற்குள் இரண்டு நர்சுகள் கழுவி முடித்திருந்தார்கள். டாக்டர் பாக்ஸ்டர் பிலிப்ஸ் விசாரணையிலேயே குமுறியிருக்கிறார். பிணவறை என்ற பெயரில் இருந்தது வெறும் கொட்டகை.

கழுவியவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. செத்தவர்களைக் குளிப்பாட்டுவது மரியாதை என்று நினைத்திருப்பார்கள். வந்தது வந்தபடியே இருக்கட்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், ஸ்பெசிமன் வாங்கும் கவுன்டரிலேயே தலை நரைத்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் வந்த டப்பாவில் ஒரு பிறந்த தேதி, கூட வந்த படிவத்தில் வேறு பிறந்த தேதி. பெயர் ஒன்றுதானே, கை தவறி எழுதியிருப்பார்கள் என்று நான் இழுத்தேன். "தம்பி, போத்தலிலை ஒண்டு, ஃபோர்மிலை ஒண்டு எண்டால் மூடியிலை கை வைக்கப்படாது. முதல் ஃபோனை எடு" என்றார். எடுத்தோம். திசுவை வெட்டிய டாக்டரே இறங்கி வந்து, இது இன்னாருடையதுதான் என்று கையெழுத்துப் போட்டபிறகுதான் மூடி திறந்தது. வந்தவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் போனார். ரத்தம் என்றால் மறுபடி குத்தி எடுத்துவிடலாம், மூளையிலிருந்து எடுத்த துணுக்குக்கு இரண்டாவது வாய்ப்பு ஏது?

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படத் தலைப்புக்கு வாருங்கள். 'நரகத்திலிருந்து' என்று மேலே எழுதி ஒரு கடிதம் வந்ததே, 1888 அக்டோபர் 16ல், வைட்சாப்பல் கண்காணிப்புக் கமிட்டித் தலைவர் ஜார்ஜ் லஸ்க் வீட்டுக்கு, அதிலிருந்து எடுத்த தலைப்பு. கடிதத்தோடு ஓர் அட்டைப்பெட்டி, அதில் சாராயத்தில் ஊறவைத்த பாதிச் சிறுநீரகம். அதற்கு இரண்டு வாரம் முன்பு மைட்டர் ஸ்குயரில் கொல்லப்பட்ட கேத்தரின் எட்டோஸின் இடது சிறுநீரகத்தைக் கொலைகாரன் எடுத்துப்போயிருந்தான். லஸ்க் இதை யாரோ செய்த குறும்பு என்று நினைத்தார். கமிட்டிக்காரர்கள் வற்புறுத்தியபிறகு பெட்டி ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனது, டாக்டர் இல்லை, உதவியாளர் பார்த்தார், அவர் லண்டன் ஹாஸ்பிட்டலுக்கு எடுத்துப்போனார், அங்கிருந்து லெமன் ஸ்ட்ரீட் போலீஸ் ஸ்டேஷன், அங்கிருந்து லண்டனின் நடுவில் 'சிட்டி' என்ற சின்னப் பகுதிக்கு மட்டும் தனியாக இருக்கும் சிட்டி போலீஸ். எட்டோஸ் கொலை மட்டும் சிட்டி போலீஸ் எல்லைக்குள் நடந்தது, மற்றவையெல்லாம் மெட்ரோபாலிட்டன் போலீஸ் கணக்கு, அது வேறு குழப்பம். எங்கள் லேபில் ஒரு டப்பா இத்தனை கை மாறினால் கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் தேதி, நேரம், பெயர் இருக்கும்.

லண்டன் ஹாஸ்பிட்டலில் அதைப் பார்த்தவர் டாக்டர் தாமஸ் ஓப்பன்ஷா, அங்கிருந்த நோய்க்கூறியல் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மறுநாள் பத்திரிகைகளில் என்ன வந்தது தெரியுமா? சிறுநீரகம் ஒரு பெண்ணுடையது, வயது நாற்பத்தைந்து இருக்கும், ஜின் குடிப்பவள், மூன்று வாரத்துக்குள் எடுத்தது, இத்தனையும் ஓப்பன்ஷா சொன்னதாக. அவர் ஒரு நிருபரிடம் எல்லாவற்றையும் மறுத்துவிட்டார். மனிதச் சிறுநீரகம், இடது பக்கத்தது, பாதி. ஆணா பெண்ணா சொல்ல முடியாது. சாராயத்தில் கிடந்ததால் எப்போது எடுத்தது என்றும் சொல்ல முடியாது. முடிந்தது.

இதைப் படித்த அன்று எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. இடது, வலது சொல்வது மாயமில்லை. முழுச் சிறுநீரகம் கையில் இருந்தால், குழிந்த பக்கத்தில் முன்னால் சிரை, நடுவில் தமனி, பின்னால் சிறுநீர் சேருமிடம். சிறுநீர்க்குழாய் கீழே தொங்க, சிரை நம்மைப் பார்க்கப் பிடித்துக்கொண்டால், குழிந்த பக்கம் நமக்கு இடப்புறம் திரும்பினால் இடது. ஃபார்மலினில் ஓர் இரவு கிடந்து செம்பழுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும், ரப்பர் மாதிரி விறைத்திருக்கும், அப்போதும் சொல்லிவிடலாம். ஆனால் அது யாருடையது என்பது சதையில் எழுதியிருக்காது. லேபிளில் இருக்கும், லேபிள் போச்சென்றால் எல்லாம் போச்சு. ஓப்பன்ஷா காலத்தில் ஃபார்மலின்கூடக் கிடையாது, திசுவைப் பதப்படுத்த அது உதவும் என்று ஃபெர்டினாண்ட் ப்ளூம் கண்டது 1893ல். ரத்தம் மனிதனுடையதா மிருகத்துடையதா என்று நிச்சயமாகச் சொல்லும் சோதனை 1901ல்தான் வந்தது, ரத்த வகைகளும் அதே ஆண்டுதான். இவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு, ஊரே வெறிபிடித்துக் கிடந்தபோது, தெரிந்ததோடு நிறுத்திக்கொண்டார் மனுஷன். அது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் கன்சல்டன்டுகளைப் பார்த்தால் தெரியும். சர்ஜன் ஃபோனில் "கேன்சர்தானே?" என்பார். "இந்தத் துணுக்கில் இல்லை. துணுக்குக்கு வெளியே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது" என்று பதில் போகும். மறுபடி ஃபோன் வரும், அதே பதில்தான் போகும்.

படத்தில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, அதுதான் சிக்கல். குதிரைவண்டியிலிருந்து திராட்சைக் கொத்து நீளும், ஆபர்லைன் காம்பைப் பார்த்துக் கொலைகாரன் பணக்காரன் என்று பிடித்துவிடுவார். நிஜத்தில், கொல்லப்பட்டவர்களில் ஒருத்தியான எலிசபெத் ஸ்ட்ரைட் கையில் திராட்சை இருந்ததாக ஊர் பேசியது, ஒரு பழக்கடைக்காரரும் விற்றதாகச் சொன்னார். உடம்பைப் பரிசோதித்த பாக்ஸ்டர் பிலிப்ஸ், கையிலும் இல்லை, வயிற்றில் தோலோ விதையோகூட இல்லை என்று சாட்சி சொல்லிவிட்டார். ஊர்ப்பேச்சு சினிமாவுக்குப் போனது, பிலிப்ஸின் சாட்சியம் அங்கேயே நின்றுவிட்டது.

கொலைகாரன் யார் என்பதும் அதே ரகம்தான் (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்). ராணியின் மருத்துவர் சர் வில்லியம் கல், அரச குடும்ப மானத்தைக் காப்பாற்றக் கொல்கிறாராம். 1970களில் கிளம்பிய கதை. 1979லேயே ஷெர்லாக் ஹோம்ஸை வைத்து 'மர்டர் பை டிக்ரீ' என்று இதே சரக்கில் ஒரு படம் வந்துவிட்டது, அதில் ஜேம்ஸ் மேசனின் வாட்சனுக்காகவே பார்க்கலாம். நிஜ வில்லியம் கல்லுக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது, முந்தைய வருஷம்தான் பக்கவாதம் தாக்கியிருந்தது. ஆனாலும் இயன் ஹோம் அந்தக் குரலில் பேச ஆரம்பித்தால் இதெல்லாம் நினைவுக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ராபி கோல்ட்ரேனின் சார்ஜன்ட் காட்லியும் அப்படித்தான், படத்தில் நிஜமாக டூட்டி பார்க்கிற ஒரே ஆள் போலத் தெரிபவர் அவர்தான்.

டெப்பின் ஆபர்லைன் அபினிலேயே செத்துப்போகிறார். நிஜ ஆபர்லைன் 1892ல் ஓய்வு பெற்றார், தனியார் துப்பறியும் வேலை கொஞ்ச காலம் பார்த்தார், போர்ன்மவுத்தில் குடியேறி 1929ல், 86 வயதில் இறந்தார். கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பாதிச் சிறுநீரகமும், கூட வந்த கடிதமும் தொலைந்துபோய்விட்டன. கடிதத்தின் புகைப்படம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிறுநீரகம் கடைசியாக யார் கையில் இருந்தது என்பதற்கு ஒரு கையெழுத்துகூட இல்லை.