நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்: பிரெமன் கோபுரத்துக்கு நாங்கள் எழுதிய விண்ணப்பம்

எடையின்மையில் பரிசோதனை என்றதும் எல்லோரும் விண்வெளி நிலையத்தைத்தான் நினைப்பார்கள். எங்களுக்குக் கிடைக்கவிருந்தது 4.74 விநாடி. ஜெர்மனியின் பிரெமன் நகரில் சார்ம் ஆய்வு மையத்துக்கு 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் காற்றை வெளியேற்றிய நீண்ட குழாயில், பரிசோதனைக் கலத்தை 110 மீட்டர் கீழே விழ விடுவார்கள். விழும் நேரம் முழுக்க உள்ளிருக்கும் எதற்கும் எடை இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமை ‘ட்ராப் யுவர் தீசிஸ்’ என்ற திட்டத்தில் இந்தக் கோபுரத்தை மாணவர்களுக்கும் திறந்துவிட்டது. ஜெர்மனியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த நாங்கள் நான்கு பேர் அதற்கு விண்ணப்பித்த கதை இது. கலம் விழுந்த கதை தனி, அது இன்னொரு நாள்.

எங்கள் கேள்வி சனிக்கோளின் வளையங்களிலிருந்து வந்தது. முக்கிய வளையங்களின் குறுக்களவு இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல். தடிமனோ பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான். அங்கே பனிக்கட்டிகள் மிக மெதுவாக, நொடிக்கு சில மில்லிமீட்டர், சென்டிமீட்டர் வேகத்தில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு இடியிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விடுவதால்தான் வளையம் தட்டையாகவே கிடக்கிறது. எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லும் எண்தான் பதினொன்றாம் வகுப்பில் நாம் படித்த மீட்சியளிப்புக் குணகம். 1984இல் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில் பிரிட்ஜஸ் குழுவினர் பனி உருண்டையை ஊசலில் கட்டி மோதவிட்டு இதை அளந்தார்கள். வேகம் கூடக்கூட மீட்சி குறைகிறது என்று கண்டார்கள்.

சரி, தரையிலேயே அளந்தாகிவிட்டதே, உங்களுக்குக் கோபுரம் எதற்கு? விண்ணப்பத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் முதல் வரைவைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் எழுதியிருந்ததும் இதைத்தான்.

நாங்கள் போட்ட ஒரு கணக்கு நன்றாகக் கைகொடுத்தது. ஓர் உருண்டை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் தரையைத் தொட வேண்டுமானால் எவ்வளவு உயரத்திலிருந்து விட வேண்டும்? ஐந்து மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது! அதனால்தான் ஊசல் தேவைப்படுகிறது. ஆனால் ஊசலில் கட்டிய உருண்டையால் இஷ்டத்துக்குச் சுழல முடியாது. கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் ஓரமாகப் பட்டால் காய் சுற்றிக்கொண்டே போகுமே, அந்தச் சுழற்சிக்கு ஆற்றலில் எவ்வளவு பங்கு போகிறது என்பதை அளக்கத்தான் நாங்கள் ஆசைப்பட்டோம். நேருக்கு நேர் மோதலை விட்டுவிட்டு, சாய்வான மோதல் மட்டும் என்று தலைப்பைச் சுருக்கிய பிறகுதான் விண்ணப்பம் நிமிர்ந்து நின்றது. பனியையும் கைவிட்டோம். குளிரூட்டல் ஏற்பாடே தனித் திட்டமாகிவிடும் போலிருந்தது. பொடி பூசிய கண்ணாடி உருண்டைகள் போதும் என்று முடிவு செய்தோம்.

அப்புறம் நேரக் கணக்கு. இரண்டு உருண்டைகள் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் நெருங்கினால், மோதவே இரண்டு விநாடி ஆகும். மோதிய பின் பார்க்க இரண்டே முக்கால் விநாடிகூட இல்லை. அந்தக் கோபுரத்தில் கலத்தைக் கீழிருந்து மேலே எறியும் கவண் ஏற்பாடும் உண்டு, அதில் 9.3 விநாடி கிடைக்கும். எங்களில் ஒருவன் அதற்காகக் கடைசிவரை வாதாடினான். எறியும் கணத்தின் உலுக்கலில் உருண்டை பிடியைவிட்டு நழுவினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை.

உண்மையில் எங்களைப் படுத்தியெடுத்தது பிடிதான். உருண்டையைத் துளியும் தள்ளாமல் விட்டுவிடுவது எப்படி? இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் திறக்கும் சின்னப் பிடி ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்தோம். அதை ஒரு பெட்டிக்குள் பொருத்தி, கூடவே ஃபோன் கேமராவையும் ஒட்டி, படிக்கட்டு வளைவில் மூன்று மீட்டர் உயரத்திலிருந்து மெத்தைமேல் போட்டோம். முக்கால் விநாடிதான். ஆனாலும் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது: இடது விரல் ஒரு கணப்பொழுது தாமதமாகத் திறக்கிறது, உருண்டை மெல்லச் சுற்றத் தொடங்குகிறது. சுழற்சியை அளக்க வந்த எங்களுக்கு இதைவிட மோசமான செய்தி கிடையாது. தாமதத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்த வரைபடத்தை அப்படியே விண்ணப்பத்தில் சேர்த்தோம்.

பட்ஜெட், கால அட்டவணை, ஆபத்துப் பட்டியல் பற்றியெல்லாம் சொல்ல அதிகமில்லை. உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும். பேராசிரியரின் ஒப்புதல் கடிதத்தை மட்டும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தேர்வுக் குழு எங்களைச் சனிக்கோள் பற்றிக் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. கலம் அடியில் எட்டு மீட்டர் ஆழ தெர்மாகோல் குருணைத் தொட்டியில் மணிக்கு 165 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் இறங்கும்போது, புவியீர்ப்பைப் போல ஐம்பது மடங்குவரை விசை வரும். கேமரா லென்ஸ் தாங்குமா? கண்ணாடி உருண்டை நொறுங்கினால் அடுத்த வீழ்ச்சிக்கு மாற்று வைத்திருக்கிறீர்களா? நிலைமின்சாரத்தால் உருண்டை பிடியிலேயே ஒட்டிக்கொண்டால்? இப்படியே போயிற்று. அதிவேகக் கேமரா ஏன் கேட்கவில்லை என்றார் ஒருவர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போகும் பொருளுக்கு அது எதற்கு, எங்களுக்கு வேண்டியது நுணுக்கமான படம்தான் என்றோம். அவர் சிரித்துவிட்டார். படிக்கட்டு வீடியோவை இரண்டு தடவை ஓடவிடச் சொன்னார்கள்.

தேர்வானோம், ஒரு வெட்டோடு. பல வேகங்கள், பல சாய்வுகள் என்று பெரிய அட்டவணை போட்டிருந்தோம். ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று வீழ்ச்சிக்கு மேல் ஓடாது. ஒரே வேகம், சாய்வை மட்டும் மாற்றுங்கள், ஒரே சாய்வைத் திரும்பவும் ஒரு தடவை செய்து பாருங்கள் என்றார்கள். கவண் கேட்டு வாதாடிய அதே நண்பன் இதற்கும் வாதாடிப் பார்த்தான், எடுபடவில்லை. அட்டவணையில் முக்கால்வாசிக் கட்டங்களை அழித்துவிட்டு, இடது விரலுக்கு வேறு ஸ்பிரிங் தேடக் கிளம்பினோம்.