பள்ளிப்பட்டி மாதாவுக்கு அம்மா வைத்த நேர்ச்சை

கோயிலில் கல்யாண அறிவிப்பான மூன்று ஓலையும் வாசித்து, பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு என் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஆறுதல் சொல்ல வந்தவர்கள், வாசலைத் தாண்டும் முன்பே "பொண்ணு பக்கம் என்ன குறையோ" என்று பேசிக்கொண்டு போனார்களே, அதுதான் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அறிவிப்பு நேரத்தில் வேறு யாருக்காவது ஓலை வாசித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அப்போது அம்மா எனக்குத் தெரியாமல் நேர்ந்துகொண்டிருக்கிறார். "லூர்து மாதாவே, என் பிள்ளை தேறி வரட்டும், பொம்மிடியிலிருந்து பள்ளிப்பட்டியில் இருக்கும் உன் கோயிலுக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று.

எங்கள் பங்குக் கோயிலில் இருக்கும் சிஸ்டர் ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். புத்திமதி எதுவும் சொல்லவில்லை. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு லூர்து மாதா படம் ஒன்று வேண்டும், நீதான் நன்றாக வரைவாயே என்று தாளையும் வாட்டர் கலர் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார். ஜெபமாலையைக் கையில் எடுத்தால் இரண்டு மணிகளை உருட்டுவதற்குள் மனம் எங்கோ போய்விடும் காலம் அது. பிரஷைப் பிடித்தால் மட்டும் நின்றது. இடைக்கச்சையின் நீலத்துக்கு வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்ப்பேன். அங்கியில் ஒரு மடிப்பு, அதற்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். அடுத்த மடிப்புக்கு இன்னொன்று. கண்ணீர் விழுந்தால் நீலம் ஓடிவிடும். காயும்வரை காத்திருந்து அதன் மேலேயே மறுபடி தீட்டுவேன். அந்த நேரத்தில் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஆண்டவர் இருந்தார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

முகம் மட்டும் அமையவில்லை. எப்படி வரைந்தாலும் கண்கள் தாழ்ந்து, துயரமே உருவான வியாகுல மாதாவாகவே வந்து நின்றது. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். 1858 பிப்ரவரி 11 முதல் பிரான்சின் லூர்து ஊரில் மசபியேல் குகையில் மாதாவைக் கண்ட சிறுமி பெர்னதெத்துக்கு அப்போது வயது 14. பின்னால் லியோன் நகரத்துச் சிற்பி ஃபபிஷ் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பளிங்குச் சுரூபம் செய்தார். 1864-ல் குகையில் அதை வைத்தார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் அது அவர் இல்லை என்றாளாம் பெர்னதெத். கேட்டதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. அவ்வளவு பெரிய சிற்பிக்கே பிடிபடாத முகம்!

கொஞ்சம் கொஞ்சமாகப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். அப்புறம்தான் அம்மா நேர்ச்சையைப் பற்றி வாய் திறந்தார். பிப்ரவரி 11 திருநாளன்றே கிளம்பினோம். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி, அங்கிருந்து பொம்மிடி, இரண்டு பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான். பொம்மிடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நடந்து போகிறோம் என்று சொன்னாலும் விடாமல், "வயசானவங்கள நடக்க விடலாமாம்மா?" என்று என்னைக் குற்றவாளியாக்கி, வாய்க்கு வந்த கூலி கேட்டார்கள். திருநாள் கூட்டத்தை இப்படியா பயன்படுத்துவது? அம்மா செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். மூட்டுவலி உள்ளவர். தூரத்தில் சேர்வராயன் மலை தெரிய, வழியில் மாந்தோப்பெல்லாம் பூத்திருந்தது. "உக்காரலாமா பாப்பா?" என்று என்னைக் கேட்பார். கேட்டுவிட்டு அவரே நடப்பார்.

கோயில் வாசலில் மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துக் காசு கேட்கிறவர்கள், உள்ளே செல்போனைத் தூக்கிப் பிடித்து மறைக்கிறவர்கள். நெரிசலில் நான் கையோடு கொண்டுபோன மாதா படச் சுருள் கசங்கியே போனது. எப்படியோ தள்ளப்பட்டு மாதா சுரூபத்தின் முன்னால் வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன். மாதா என்னைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை. கைகூப்பி, மேலே பார்த்தபடி வேண்டிக்கொண்டிருக்கிறார். எத்தனையோ முறை பார்த்த சுரூபம்தான், அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் விட்டாயே என்று எத்தனை ராத்திரி கோபித்திருப்பேன்! அந்த ராத்திரியெல்லாம் எனக்காகத்தான் தம் மகனிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். என்னால் அசைய முடியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதார்.

படத்தைப் பாதத்தில் வைத்தேன். தாழ்ந்த கண்களோடு, கசங்கலோடு அப்படியே.

நன்றி மாதாவே, நன்றி இயேசுவே. எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. கலர் பெட்டியோடு வந்த சிஸ்டருக்கு நன்றி. வெறுங்காலோடு நடந்த என் அம்மாவுக்கு என்ன சொல்வேன்! சித்தப்பா மகளுக்கு எங்கள் கோயிலில் ஓலை வாசித்தபோது முழுசாக உட்கார்ந்து கேட்டேன், மனசார அவளுக்காக வேண்டினேன். தவக்காலத்துக்கு, இயேசு சிலுவை சுமந்த பாடுகளைச் சொல்லும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் வரையச் சொல்லியிருக்கிறார்கள். இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோனிக்காளின் துணியில் பதிந்த திருமுகத்தோடு இப்போது மல்லாடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பங்கிலேயே இன்னொரு பெண்ணுக்கும் இதே போல கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. யாரோடும் பேசுவதில்லை. வாரம் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து வரைய வருகிறாள். வாசிக்கிறவர்கள் அவளுக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள்.